சரிந்த கொல்லை: நிரப்புவதா, படி வெட்டுவதா, அப்படியே விடுவதா?

சென்னையில் சரிவான தோட்டம் என்று சொன்னால், "இங்கே ஏது மலை?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பறங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் என்று தெற்கே சில குன்றுகளை விட்டால் ஊர் தட்டையாகத்தான் கிடக்கிறது. ஆனால் கொல்லை சரிவதற்கு மலை வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு கொஞ்சம் உயர்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவர் இதை மனத்தில் வைத்துத் தளத்தை மூன்றடி ஏற்றிக் கட்டுகிறார். வண்டி ஏற வேண்டுமே என்று முன்பக்கம் மண் கொட்டி நிரப்பிவிடுகிறார். பின்பக்கத்துக்கு வரும்போது கையில் பணமும் இருப்பதில்லை, பொறுமையும் இருப்பதில்லை. வீட்டை ஒட்டிக் கொஞ்சம் மண், பின் மதிலை ஒட்டிப் பழைய மட்டம், நடுவில் ஒரு சரிவு. புறநகர்களில் இப்படிப்பட்ட கொல்லைகள் தெருவுக்கு நாலு இருக்கின்றன.

குரோம்பேட்டையில் என் அக்கா வீட்டுக் கொல்லை அதில் ஒன்று. அகலம் 20 அடி, நீளம் 25 அடி. இந்த வருடம் அதை ஒழுங்கு செய்தே தீருவது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அக்காவின் கணவருக்கு மாலையில் நாற்காலி போட்டு உட்கார ஓரிடம் வேண்டும். அக்காவுக்குக் கீரைப் பாத்தியும் நாலு வாழையும் வேண்டும். அவளுடைய மாமியாருக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. துணி உலர்த்தப் போய் வழுக்கி விழாமல் இருந்தால் போதும் என்கிறார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டபோது யோசிக்கவே இல்லை. "எதற்கம்மா குழப்பம்? மண்ணைக் கொட்டி ஒரே மட்டமாக்கிவிடலாம்" என்றார். சென்னையில் பத்து மேஸ்திரிகளில் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன என்பதும், எந்த மனைக்கு எது பொருந்தும் என்பதும்தான் இங்கே பேச்சு.

எதையும் முடிவு செய்யும் முன் சரிவை அளக்க வேண்டும். கண்ணளவு இங்கே உதவாது. புல் மண்டிக் கிடக்கும் சரிவு எப்போதும் குறைவாகத்தான் தெரியும். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும்: பத்துப் பதினைந்து மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் குழாய், அதில் தண்ணீர். ஒருவர் வீட்டுச் சுவரோரம் ஒரு முனையையும் இன்னொருவர் பின் மதிலோரம் மறுமுனையையும் பிடித்து நிற்க வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் சிக்கியிருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். குழாயைத் தூக்கிச் சுண்டிக் குமிழை முதலில் வெளியேற்றிவிடுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஆடி அடங்கியதும், அந்த மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் டேப் வைத்தால், வித்தியாசம்தான் இறக்கம். அக்கா வீட்டில் எல்லோரும் ஒன்றரை அடி என்று நினைத்திருந்தது மூன்றடியாக வந்தது. அதாவது எட்டடிக்கு ஓர் அடி இறக்கம். முதியவர்களும் சக்கர நாற்காலியும் போக வேண்டிய சாய்தளத்துக்குப் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடிதான் கணக்கு என்பதை வைத்துப் பார்த்தால், இது எவ்வளவு செங்குத்து என்று புரியும்.

இனிமேல் வரும் கணக்கெல்லாம் இந்த 20-க்கு 25 அடி, 3 அடி இறக்கம் என்ற அளவுக்குத்தான். உங்கள் அளவைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

நிரப்பிச் சமன் செய்வது

மேஸ்திரி சொன்ன வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். நிரப்ப வேண்டிய இடம் ஓர் ஆப்பு வடிவம்: வீட்டோரம் பூஜ்யம், மதிலோரம் மூன்றடி. 20 × 25 × 3, அதில் பாதி, 750 கன அடி. மண் வியாபாரத்தில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக ஏழரை யூனிட். கொட்டிய மண் திமிசு போட்டு இடித்தால் இறங்கும் என்பதால் ஒன்பது யூனிட்டாவது வாங்க வேண்டும். விலையை விட்டுவிடுங்கள், அது மாதத்துக்கு மாதம் மாறும். மண் உள்ளே போகும் வழியைப் பாருங்கள். லாரி தெருவில் நிற்கும். கொல்லைக்குப் போக வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. மண் சுமக்கும் சட்டி, அதாவது பாண்டு, ஒன்றுக்கு அரை கன அடி பிடிக்கும் என்று வைத்தால் 1,800 நடை. கூலி மண் விலையைத் தாண்டிவிடும்.

எந்த மண் என்பது அடுத்த கேள்வி. சவுடு மண்ணோ கிராவல் மண்ணோ சொல்லிவிட்டு, இறங்கும்போது பார்த்தால் பாதி ரப்பிஷாக இருக்கும்: இடித்த கட்டடத்தின் செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, பிளாஸ்டிக், சில நேரம் உடைந்த டைல்ஸ். அதன்மேல் அரையடி செம்மண் போட்டு மூடினால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். அடுத்த மழையில் அங்கங்கே குழி விழும். கீரை வேர் செங்கல்லில் முட்டி நிற்கும்.

ஆனால் உண்மையான ஆபத்து மண்ணில் இல்லை, மதிலில் இருக்கிறது. நம் ஊரின் காம்பவுண்டு சுவர்கள் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல், எட்டுப் பத்து அடிக்கு ஒரு பில்லர். தன் எடையையும் காற்றையும் தாங்கத்தான் அது கட்டப்பட்டது. மூன்றடி மண் பக்கவாட்டில் தள்ளினால் தாங்க அல்ல. மண்ணின் தள்ளுவிசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஒன்றரை அடி மண் தள்ளுவதைப்போல மூன்றடி மண் நாலு மடங்கு தள்ளும். சுவரை அடியிலிருந்து கவிழ்க்கப் பார்க்கும் வலு எட்டு மடங்கு. இது காய்ந்த மண்ணுக்கான கணக்கு. நவம்பரில் மண் ஊறி, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் நின்றுவிட்டால், தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து அதே சுவர்மேல் இரண்டு மடங்குக்கும் மேலே சுமை விழும். மழையில் ஊறிய மதில் என்ன செய்யும் என்பதை 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் பார்த்தோம். பெரிய மதில் ஒன்று வீடுகள்மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அது மிக உயரமான சுவர், மூன்றடி மண்ணோடு ஒப்பிடக் கூடாது என்று சொல்லலாம். மதிலுக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாதவர்கள் அப்படிச் சொல்லட்டும்.

ஆகவே நிரப்புவது என்றால் மதிலுக்கு உள்பக்கம் தனியாக ஒரு தாங்கு சுவர் எழுப்பியாக வேண்டும். அதுவும் பின்பக்கம் மட்டும் போதாது. மண் மூன்று பக்கமும் தள்ளும். பின்பக்கம் 20 அடிக்கு மூன்றடி உயரம், 60 சதுர அடி. பக்கவாட்டில் இரண்டு புறமும் பூஜ்யத்திலிருந்து மூன்றடி வரை ஏறும் முக்கோணம், ஒவ்வொன்றும் முப்பத்தேழரை. மொத்தம் 135 சதுர அடி தாங்கு சுவர். மேஸ்திரி முதலில் சொன்ன தொகையில் இது இருக்கவே இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அந்த மழை இந்த 500 சதுர அடியில் விழுந்தால் ஏறத்தாழ 22,800 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி இரண்டு. நாம் மண் கொட்டி அடைக்கப் பார்க்கும் 750 கன அடியின் கொள்ளளவு எவ்வளவு? 21,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பெருமழையை ஏறக்குறைய முழுவதுமாக வீட்டுத் தளத்துக்குக் கீழேயே நிறுத்தி வைக்கக்கூடிய இடத்தைக் காசு கொடுத்து மூடுகிறோம். மூடிய பிறகு தண்ணீர் எங்கே போகும்? ஒன்று பக்கத்து வீட்டுக்கு, இல்லையென்றால் பின்வாசல் வழியாக நம் சமையலறைக்கு. தாழ்ந்து கிடப்பது கொல்லையின் குறை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டுப் போகும் ஊரில், வீட்டைவிடத் தாழ்ந்த ஓரிடம் சொந்தமாக இருப்பது வசதி.

அப்படியே விடுவது

இதற்கு நேர் எதிர்முனை: சரிவைத் தொடாமல் செடி வைத்து மூடிவிடுவது. செலவு மிகக் குறைவு. மழைத்துளி வெறும் மண்ணில் நேரடியாக விழுந்தால்தான் மண் கரைந்து ஓடும். இலையும் வேரும் மூடியிருந்தால் எட்டடிக்கு ஓர் அடி என்ற சரிவு தாராளமாக நிற்கும்.

இதற்கு நான் சொல்வது அருகம்புல்லும் வெட்டிவேரும். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் பத்தடி ஆழத்துக்கும் நேராகக் கீழே இறங்கும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரையடிக்கும் குறைவான இடைவெளியில் நாற்றை வரிசையாக நட்டால் ஒரு வருடத்தில் வேலியாகிவிடும். மேலிருந்து வரும் மண் அதில் தங்கித் தங்கி, சில ஆண்டுகளில் தானாகவே ஒரு படி உருவாகும். வெயில் வேண்டும், மாடி நிழல் விழும் கொல்லையில் தேறாது. ஓர் எச்சரிக்கை: கோடையில் பானைத் தண்ணீரில் போட ஒரு பிடி வேர் வேண்டும் என்று யாராவது தோண்ட ஆரம்பித்தால், வேரோடு சரிவும் வந்துவிடும். பானைக்குத் தேவையானதைத் தொட்டியில் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள்.

கொரியன் புல் போட்டால் பச்சைக் கம்பளமாக இருக்குமே என்று கேட்பவர்களுக்கு: 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். சரிவில் புல்தரை இன்னும் மோசம். மேல்பகுதி காய்ந்துகொண்டே இருக்கும், கீழ்ப்பகுதி அழுகிக்கொண்டே இருக்கும். அதை வெட்டவும் முடியாது, அதன்மேல் உட்காரவும் முடியாது.

இந்த வழியின் குறை வேறு. சரிவில் நாற்காலி நிற்காது, கீரைப் பாத்தி நிற்காது, ஈரத்தில் முதியவர் கால் நிற்காது. கொல்லையைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் போதும் என்பவர்களுக்கும், வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் இது சரி. பணம் சேரும்வரை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடவும் இதுவே நல்ல வழி. இன்றைக்கு நட்ட வெட்டிவேர் வரிசை நாளைக்குக் கட்டப்போகும் சுவரின் கோட்டிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

படியாக வெட்டுவது

மூன்றாவது வழி, சரிவை இரண்டு மூன்று படிகளாகப் பிரிப்பது. மலைச்சரிவில் உழுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். இதன் சூட்சுமம், வெளியிலிருந்து மண் வாங்கத் தேவையில்லை என்பது. ஒவ்வொரு படியிலும் மேல்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் போட்டால் கணக்கு நேராகிவிடும்.

அக்கா வீட்டுக்கு நான் போட்ட திட்டம் இது. வீட்டை ஒட்டிய இரண்டடியைத் தொடுவதில்லை. அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் மண்வெட்டி போகக் கூடாது. அதற்குப் பிறகு ஒன்பதடி அகலத்தில் ஒரு படி, இன்னொரு ஒன்பதடியில் இரண்டாவது படி. கடைசி ஐந்தடியை, அதாவது பின் மதிலை ஒட்டிய பட்டையை, இருந்த மட்டத்திலேயே விட்டுவிடுவது. கணக்குப் போட்டால், வீட்டோரத்திலிருந்து முதல் படிக்கு இறங்க ஆறரை அங்குலம். இரண்டு படிக்கும் நடுவே 13 அங்குலச் சுவர். இரண்டாவது படியின் கீழே மறுபடி ஆறரை அங்குலம். மிச்ச இறக்கத்தைத் தொடாத பட்டைகளின் இயல்பான சரிவே எடுத்துக்கொள்ளும். முழுக் கொல்லையிலும் 13 அங்குலத்தைத் தாண்டிய சுவர் கிடையாது. பின் மதில்மேல் புது மண் ஒரு கைப்பிடிகூடச் சாயாது.

இடம் மாற்ற வேண்டிய மண் 50 கன அடி. அரை யூனிட். நிரப்புவதற்கு 750 கன அடி என்று பார்த்தோமே, அதோடு வைத்துப் பாருங்கள். தாங்க வேண்டிய சுவரும் 135 சதுர அடியிலிருந்து 43 சதுர அடியாகக் குறைகிறது. அதுவும் குட்டைச் சுவர். இரண்டு ஆள் இரண்டு மூன்று நாளில் மண் வேலையை முடித்துவிடலாம்.

ஒரே பெரிய படியாக வெட்டினால் என்ன என்று அக்காவின் கணவர் கேட்டார். நாற்காலி, மேஜை எல்லாம் போட இடம் கிடைக்குமே என்று. கிடைக்கும். ஆனால் வீட்டோரம் ஒன்றரை அடி வெட்ட வேண்டும், மதிலோரம் ஒன்றரை அடி நிரப்ப வேண்டும். இரண்டு இடமுமே கை வைக்கக் கூடாத இடங்கள். நாலு நாற்காலிக்கு ஒன்பதடி அகலம் போதும்; எட்டுப் பேர் வந்தால் மொட்டை மாடி இருக்கிறது.

இந்தத் திட்டத்துக்கும் குறை உண்டு. தட்டையான இடம் சிறிய துண்டுகளாகத்தான் கிடைக்கும். இறங்கி ஏற வேண்டும். சிறு குழந்தை ஓடினால் 13 அங்குல விளிம்பில் தடுக்கி விழலாம். விளிம்பில் நந்தியாவட்டையோ இட்லிப்பூவோ நெருக்கமாக நட்டால் அதுவே தடுப்பு. சாய்தளம் கட்டி முதியவரைக் கீழ்வரை கொண்டுபோக முடியுமா என்றால், மூன்றடி இறக்கத்துக்கு 36 அடி நீளம் தேவை, கொல்லையே 25 அடிதான். அதனால் நான் வேறு வழி சொன்னேன்: தினமும் புழங்குவது எல்லாம் முதல் படியிலேயே இருக்கட்டும். துணிக்கொடி, துவைக்கும் கல், கறிவேப்பிலை, துளசி, நாற்காலி. அங்கே போக ஆறரை அங்குல இறக்கம் ஒன்றுதான், பக்கத்தில் ஒரு கைப்பிடிக் குழாய். கீரைப் பாத்தி இரண்டாவது படியில், அக்கா போவாள். கடைசிப் பட்டைக்கு வாரம் ஒருமுறை யாராவது போனால் போதும். மாமியாருக்குத் திட்டத்தில் பிடித்த பகுதி இது ஒன்றுதான்.

அந்தக் கடைசி ஐந்தடிப் பட்டை சும்மா கிடப்பதில்லை. அதில் மதிலைவிட்டு ஒன்றரை அடி தள்ளி, 20 அடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து உடைகல்லும் பெரிய ஜல்லியும் நிரப்பினால், கல்லுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் மட்டும் 1,300 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். கொல்லைமீது ஐந்து செ.மீ. மழை பெய்தால் வருவது 2,300 லிட்டர் சொச்சம். பாதிக்கு மேல் பள்ளத்துக்குள், மிச்சம் பட்டையின்மேல் கணுக்காலளவு. இது மண் உறிஞ்சத் தொடங்கும் முன்பான கணக்கு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அது முன்வாசலில் மூடி போட்ட ஒரு சிறு குழியோடு நின்றுவிட்டது. கொல்லைப்பக்க மாடித் தண்ணீரை இந்தப் பள்ளத்துக்குத் திருப்பினால், உங்கள் கிணற்றுக்கு ஏதாவது கிடைக்கும். 2015 போன்ற மழைக்கு எந்தப் பள்ளமும் போதாது. அன்றைக்குத் தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் தேங்கும், வாசற்படிக்கு வராது, அவ்வளவுதான் கேட்கலாம்.

சுவருக்கு என்ன பொருள்

13 அங்குலச் சுவர்தானே என்று ஏதோ ஒன்றை வைத்துவிடக் கூடாது. கடப்பா கல் பலகையைச் செங்குத்தாகப் புதைத்து நிறுத்துவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஒன்றரை அங்குலத் தடிமனில் எடையே இல்லை, முதல் மழைக்காலத்தில் முன்னால் சாயும். சவுக்குக் கட்டையை வரிசையாக அடிப்பது இன்னும் மலிவு. கரையான் அதற்காகவே காத்திருக்கிறது. செங்கல் சுவர் என்றால் ஒன்பது அங்குலமாவது வேண்டும், அப்போதும் ஈர மண் படும் பக்கம் சில ஆண்டுகளில் உப்புப் பூத்து உதிரும். ஹாலோ பிளாக் நல்லதுதான், உள்ளே கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்பினால். நிரப்பாமல் அடுக்கினால் வெறும் கூடு.

எனக்குப் பிடித்தது கருங்கல். தாங்கு சுவர் நிற்பது தன் எடையால், அந்த எடை கருங்கல்லில் இருக்கிறது. பல்லாவரம், பறங்கிமலைப் பக்கத்துப் பாறைக்கு நிலவியலில் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவின் தொடக்க வரலாற்றோடு பேசப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறையில் கிடக்கும் பலகை இந்தப் பாறைதான் என்று கண்டு, நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. மூன்று நூற்றாண்டு வங்காள ஈரத்தில் நிற்கும் கல், நம் கொல்லையில் நிற்காதா? கலவை போட்டுக் கட்டுவதா, வெறுமனே அடுக்குவதா என்பதில்தான் வீட்டுக்கு வீடு மாறும். கலவை இல்லாமல் அடுக்கினால் தண்ணீர் தானாக வடியும், மண் கொஞ்சம் அசைந்தாலும் சுவர் விரிசல் விடாது. ஆனால் சந்துகளில் எலி வரும், எலியைத் தேடிச் சாரை வரும். சாரை நல்லது என்று நமக்குத் தெரியும். துணி உலர்த்தப் போகும் மாமியாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அக்கா வீட்டில் கலவை போட்டே கட்டுகிறோம்: அடியில் 15 அங்குல அகலம், முக்கால் அடி கடைக்கால், முகப்பு கொஞ்சம் உள்வாங்கி.

கலவை போட்டுக் கட்டினால், பின்னால் நிற்கும் தண்ணீர் வெளியேற வடிதுளை கட்டாயம். நாலைந்து அடிக்கு ஒன்றாக, இரண்டு அங்குல பிவிசி குழாய்த் துண்டு, முன்பக்கம் லேசாகச் சாய்ந்து. சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி. ஜல்லி போடாமல் குழாயை மட்டும் வைத்தால் ஒரே பருவத்தில் மண் அடைத்துக்கொள்ளும்.

எதை எங்கே நடுவது

இதில் பெரிய குழப்பம் இல்லை. மேல்படி சீக்கிரம் காயும். கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சை அங்கே. எலுமிச்சைக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. கீரை, வெண்டை, கத்திரி நடுப்படியில். கீழ்ப்பட்டையில் பள்ளத்தின் ஓரமாக வாழை, சேம்பு, கல்வாழை. வாழைக்கு வேர் ஆழமில்லை என்பதால் மதிலை முட்டாது, ஆனால் கன்றுகளை அவ்வப்போது எடுக்காவிட்டால் பட்டையையே பிடித்துக்கொள்ளும். முருங்கை வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். 2016 வர்தா புயலுக்கு மறுநாள் சென்னைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு மரம் வைக்கும் இடத்தைப் பற்றிப் பாடம் தேவையில்லை. முருங்கைக் கிளை அதைவிடச் சின்னக் காற்றுக்கே முறியும். தாங்கு சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தள்ளி வைத்து, ஆண்டுதோறும் செப்டம்பரில் தலையை வெட்டிவிடுங்கள்.

இந்தக் கணக்கு பொருந்தாத மனைகள்

மேலே சொன்னதெல்லாம் வீடு மேலே, கொல்லை கீழே என்ற அமைப்புக்கு. பல்லாவரம், திரிசூலம் குன்றோரத்தில் இதற்கு நேர்மாறாகக் கொல்லை ஏறிக்கொண்டு போகும். மழைத் தண்ணீர் வீட்டை நோக்கி வரும். அங்கே தோட்டம் இரண்டாம் பட்சம். வீட்டுச் சுவரிலிருந்து நாலடியாவது தட்டையாக விட்டு, அதில் பக்கவாட்டில் ஓடும் கால்வாய் ஒன்றை முதலில் கட்ட வேண்டும். அடியில் சில அங்குலத்திலேயே பாறை இருக்கலாம் என்பதால், திட்டம் போடும் முன் இரண்டு இடத்தில் கடப்பாரை போட்டுப் பாருங்கள். ஏறும் சரிவு மூன்றடியைத் தாண்டினால் மேஸ்திரி போதாது, கட்டடப் பொறியாளர் வேண்டும்.

திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற மணற்பாங்கான கடலோரப் பகுதியில் தண்ணீர் நிமிடத்தில் உள்ளே போய்விடும். பள்ளமெல்லாம் தேவையே இல்லை. ஆனால் மணல் நிற்காது, வெட்டிய விளிம்பு அன்றைக்கே சரியும். அங்கே படியைவிட, சரிவை அப்படியே விட்டு மூடுசெடி வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மேற்கு மாம்பலம், அண்ணாநகர், விருகம்பாக்கம் போன்ற களிமண் பகுதியில் நேரெதிர்: தண்ணீர் இறங்க நாளாகும், கொசு வரும். கல் பள்ளத்தை மேலே திறந்து விடாமல் ஜல்லியால் மூடிவிடுங்கள், ஆழத்தையும் கூட்டுங்கள்.

நிரப்புவதே சரியான வழி என்று சொல்லக்கூடிய ஓர் இடமும் இருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் உயர்த்திவிட்டு, உங்கள் கொல்லை மட்டும் குழியாகி, நாலு வீட்டுத் தண்ணீரும் உங்களிடம் வந்து மாதக்கணக்கில் நிற்கிறது என்றால், கொஞ்சமாவது நிரப்பித்தான் ஆக வேண்டும். அப்போதும் மதிலோரம் இரண்டடியை விட்டு, தாங்கு சுவரோடு. செப்டிக் டேங்க் கொல்லையில் இருந்தால் அதன் மூடிமேல் மண் போட்டு மறைத்துவிடாதீர்கள். வண்டி வரும் நாளில் தேடிக்கொண்டிருப்பீர்கள். எங்கே நிரப்பினாலும் வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்புப் பூச்சுக்குக் குறைந்தது அரையடி கீழேயே மண் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளறையின் பெயின்ட் உரிந்து அதைச் சொல்லும்.

எப்போது

மண் வேலை பிப்ரவரியிலிருந்து மே வரை. சுவர் அதற்குள் முடிந்துவிட வேண்டும். ஜூன், ஜூலையில் மாலை மழை இரண்டு விழுந்ததும் மூடுசெடியும் வெட்டிவேரும் நட்டால், அக்டோபருக்குள் வேர் பிடித்திருக்கும். பேவர் பிளாக்கோ கல்தளமோ போட ஆசையிருந்தால் ஒரு மழைக்காலம் முடியட்டும். புதிதாகப் போட்ட மண் இறங்கிய பிறகுதான் மட்டம் நிற்கும். நாற்காலி அதுவரை ஆற்று ஜல்லிமேல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சுவர் முடிந்ததும், மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன், இரண்டு டிரம் தண்ணீரைச் சுவருக்கு மேல்பக்கத்தில், ஜல்லியை ஒட்டி ஊற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் வடிதுளைகளில் தண்ணீர் சொட்ட வேண்டும். ஒரு துளை மட்டும் காய்ந்தே இருந்தால் அதன் பின்னால் ஜல்லிக்குப் பதில் மண் விழுந்திருக்கிறது. அந்த இடத்தை அன்றைக்கே பிரித்து ஜல்லி போடச் சொல்லுங்கள். பூச்சு வேலை அதற்குப் பிறகு.